நல்ல முழங்கால்

என் மகனின் முழங்கால்களில் ஒரு பழுதும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டவன் எழுதுகிற இடத்திலாவது சொல்லட்டும்.

அவன் மொன்ட்ரியாலில் ஒரு பல்கலைக்கழக அணிக்காக நான்கு வருடம் ஃபுட்போல் விளையாடியவன். நாங்கள் ஊரில் காலால் உதைத்த பந்தென்று நினைத்துவிடாதீர்கள். இது தலைக்கவசம் போட்டு, தோளில் கவசம் கட்டி, ஆளை ஆள் மோதி விழுத்துகிற கனடா விளையாட்டு. எதிரணிக்காரன் பந்தைப் பிடிக்க ஓடும்போது கூடவே ஓடி, எழும்பிப் பாய்ந்து, அதைத் தட்டிவிடுவது இவனுடைய வேலை. அவ்வளவை விளங்கிக்கொள்ளவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. செயின்ட்-மிஷேலில் எங்கள் கட்டடத்தில் இருக்கிற தமிழ்ச் சனம், தம்பி என்ன படிக்கிறார் என்று கேட்குமே தவிர, என்ன விளையாடுகிறார் என்று கேட்காது. நானும் சொல்வதில்லை. சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்று பயம்.

பிறர் வாயால் புகழ்ந்தால் பிள்ளைக்குக் கெடுதி வந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்ந்து வந்த நம்பிக்கை. டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற வேலை எனக்கு. அங்கே கூட வேலை செய்கிறவர்களிடம் விஞ்ஞானம் பேசுவேன். ஆனால் மகனை யாராவது புகழ்ந்தால் போதும், என் வாய் தானாக ஒரு குறையைத் தேடும். குழந்தையாக இருந்தபோது, நல்லாக் கொழுத்திருக்கிறான் என்று ஒருவர் சொன்னால், "எங்க, ஒண்டும் சாப்பிடுறானில்லை" என்பேன். வகுப்பில் முதலாவதாக வந்தபோது, "இந்தமுறை ஏதோ தப்பிட்டான்" என்றேன். மனைவி செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட, புகை அலாரம் கத்தி, மேல்வீட்டு ஹெயிட்டிப் பெண் ஓடிவந்து கதவைத் தட்டிய நாட்களும் உண்டு. அவனுக்கு நேரே நான் அவனைப் புகழ்ந்ததே கிடையாது. பெற்றவர்களின் நாக்குத்தான் முதலில் படும் என்பார்கள்.

பல்கலைக்கழகம் முடிக்கிற வீரர்களைத் தொழில்முறை அணிகள் வசந்தத்தில் ஒவ்வொருவராகத் தெரிவு செய்யும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு உடற்சோதனை நடக்கும். ஓட்டம், பாய்ச்சல், பாரம் தூக்குதல். "நான் விளையாடினதைப் பாத்தவை கொஞ்சப்பேர்தான் எண்டு கோச் சொன்னவர் அப்பா. இண்டைக்கு வாற நம்பரை எல்லா டீமும் பாக்கும்," என்று அன்று காலை மகன் காரில் வரும்போது சொன்னான். நான்கு வருட வியர்வையை ஒரு காலைப்பொழுதில் அளந்து முடித்துவிடுவார்கள் என்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. ஆனாலும் அவனுக்கு வேறு வழி இல்லை. இந்த ஒரு கனவுக்காகத்தான் அவன் நண்பர்களின் கல்யாணங்களுக்குக்கூடப் போகாமல் பயிற்சி செய்தான்.

வெளியே பனி கரைந்து சேறாகக் கிடந்தது. உள்ளே, கூரை போட்ட பெரிய மைதானம். வீட்டாருக்கு மேலே படி வரிசையில் இடம் விட்டிருந்தார்கள். பிள்ளைகளை வெறும் காற்சட்டையோடு நிறுத்தி உயரம் அளந்தார்கள், நிறை பார்த்தார்கள், கை விரித்து விரலளவுகூட எடுத்தார்கள். நாள் முழுக்கப் பெட்டிகளின் நிறையைப் பார்க்கிறவன் நான், ஆனாலும் அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு பாய்ச்சல். ஒரு கம்பத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். நின்ற இடத்தில் இருந்து எழும்பி, எட்டுகிற உயரத்தில் தட்ட வேண்டும். மூன்றாவது தடவை இவன் எழும்பியபோது, மற்றப் பிள்ளைகள் தொடாமல் விட்ட தகடுகள் சுழன்றன. கீழே நின்றவர்கள் கத்தினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கிவிட்டது. இது என் பிள்ளையா என்று இருந்தது.

பக்கத்தில் சாம்பல் நிற ஜாக்கெட் போட்ட ஒருவர் கோப்பியோடு இருந்தார். இன்னொரு பிள்ளையின் தகப்பன் என்றுதான் நினைத்தேன். உங்கள் மகனா என்று பிரெஞ்சில் கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். அபாரமான கால்கள், இந்த வருடம் இப்படி ஒரு பாய்ச்சலை நான் பார்க்கவில்லை என்றார்.

முன்பின் தெரியாத மனிதன், கால்களையே குறிப்பிட்டுப் புகழ்கிறான். இன்னும் ஓட்டம் இருக்கிறது. விமான நிலையத்தில் பொறுக்கிய பிரெஞ்சில் வாய் முந்திக்கொண்டது. "இல்லை இல்லை, முழங்கால் அவ்வளவு சரியில்லை. ஒவ்வொரு நாளும் ஐஸ் வைக்கிறான்," என்றேன். ஐஸ் வைப்பது உண்மைதான். பயிற்சி முடிந்தால் அந்த அணியில் எல்லாரும் வைப்பார்கள்.

"எந்த முழங்கால்?" என்றார் அவர்.

"வலது," என்றேன். ஏதோ ஒன்றைச் சொல்ல வேண்டி இருந்தது.

அவர் ஜாக்கெட்டுக்குள் இருந்து ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார். மெர்சி என்று சொல்லிவிட்டுப் படிகளில் இறங்கி, அணிகளின் ஆட்கள் இருந்த மேசை வரிசைக்குப் போய் ஒரு கதிரையில் இருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழும்பி ஓடிப்போய் நான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எழும்பவில்லை. மகன் அதற்குப் பிறகு எப்படி ஓடினான் என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த கிழமை, புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவன் கையை நிறுத்தினான்.

"அப்பா, ஒரு டீம் என்ர வலது முழங்காலைப் பற்றிக் கேக்குது. ஒண்டுமில்லை எண்டு சொன்னன். ஒளிக்கிறன் எண்டு நினைக்கினம். ஆர் சொன்னது எண்டே தெரியேல்லை. உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"எனக்கென்ன தெரியும்? வடிவாச் சாப்பிடு," என்றேன்.

முதல் பொய் பழக்கதோஷத்தில் வந்தது. இரண்டாவது பொய்யை நான் தெரிந்துகொண்டே சொன்னேன். வெட்கம்தான் காரணம்.

அவன் முழங்காலை ஸ்கான் எடுத்து அனுப்பினான். கோச்சும் அந்த அணியோடு தொலைபேசியில் பேசிப் பார்த்தார். விமான நிலையத்தில் 'உடையும்' என்று சீட்டு ஒட்டின பெட்டியை நாங்கள் திறந்தா பார்க்கிறோம்? தள்ளி ஒரு பக்கமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்குவோம். அவன் வீட்டுப் படிகளில் ஏறும்போதெல்லாம் நான் அந்த வலது காலையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

தெரிவு நடந்த அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்தோம். நேரலையில் ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். பாய்ச்சலில் இவனுக்குக் கீழே நின்ற இரண்டு பேர் தெரிவானார்கள். கடைசிப் பெயரும் முடிந்தது. மனைவி எழும்பி சுவாமிப் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை அணைத்தாள். என் வார்த்தைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. வேறு காரணமும் இருந்திருக்கலாம். அது தெரியாமல் இருப்பதுதான் என்னை இன்றுவரை வதைக்கிறது.

மறுநாள் காலை அவன்தான் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டான். நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டு இருந்தன.

"அந்த முழங்கால் கதையைச் சொன்னது நான்தான்," என்றேன்.

அவன் திரும்பவில்லை. "ஏன்?" என்றான்.

"அண்டைக்கு எனக்குப் பக்கத்தில இருந்த ஆள் உன்னைப் புகழ்ந்தது. இன்னொரு ஆளின்ர அப்பா எண்டு நினைச்சன். நாவூறு பட்டுடும் எண்டு பயந்திட்டன். நீ அப்பிடிப் பாய்ஞ்சனீ."

"எப்பிடி?"

"நல்லா," என்றேன். "நல்லாப் பாய்ஞ்சனீ ராசா. அங்க நிண்ட எல்லாரையும் விட நல்லா. நான் ஒருநாளும் அப்பிடி ஒண்டைப் பாக்கேல்லை."

இருபத்திமூன்று வயதில் முதல் தடவையாக என் வாயால் கேட்கிறான். ஊழியர் வாசலில் காரை நிறுத்தினான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. கண் சிவந்திருந்தது.

"அதை அந்தாளிட்டச் சொல்லியிருக்கலாம் அப்பா," என்றான்.