ஏரி வண்டல் போட்ட கீரைப் பாத்தி

போன தை மாதம், கடத்தூரிலிருந்து பொம்மிடி போகிற வழியில் ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. சுற்றுச்சூழல் அறிவியல் படித்த கையோடு ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்திருந்தேன். அந்த ஊர் ஓடைக்கரையில் முன்பு பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற கொட்டகை ஒன்று இருந்ததாம். அதை மூடிப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் ஈயம் மண்ணில் இறங்கிவிட்டால் லேசில் போகாது. பக்கத்து வயல்களுக்குப் பரவியிருக்கிறதா என்று மண்ணெடுத்துப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

ஓடையை ஒட்டிய நிலம் ஒரு இளம் தம்பதியுடையது. கீரை போட்டுச் சந்தையில் விற்பவர்கள். என் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, ஏழு மாத வயிறு. அவரை அக்கா என்றும் கணவரை அண்ணன் என்றும் கூப்பிட்டேன். போனதும் மோர் கொடுத்தார்கள். நான் அவசரக்காரி, பாதி டம்ளரிலேயே பாத்திக்குள் இறங்கிவிட்டேன். கீரை பிடுங்கிய வெற்றுப் பாத்திகள், பார்க்கவே அவ்வளவு அழகாக, கருகருவென்று இருந்தன.

களைக்கொத்தால் ஒரு சாண் ஆழம் வெட்டினேன். மேலே நாலு விரல் கனத்துக்குக் கறுப்பு மண், அதற்குக் கீழே சட்டென்று செம்மண். நடுவில் கோடு கிழித்தாற்போல் இருந்தது. பக்கத்துப் பாத்தியிலும் அப்படியே. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரப்பில் நின்ற அவர் மனைவிதான் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பரிசோதிக்க ஆள் வருகிறது என்றதும் முந்தின நாளே டிராக்டரில் ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பியிருக்கிறார் மனுஷன். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை வெள்ளையடிப்பதுபோல.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "ஏமாத்தணும்னு இல்லைங்க மேடம். ஈயம்னு ஒரு வார்த்த சந்தையில வுழுந்தா போதும், எங்க கீரைய ஒருத்தரும் தொட மாட்டாங்க" என்றார்.

அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். ரத்தம் குறைவு, கீரை சாப்பிடு என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் இந்தப் பாத்திக் கீரையைத்தான் சாப்பிட்டு வருகிறாராம்.

"வாங்கறவங்க வேற கடையில வாங்கிக்குவாங்க மாமா. வயித்துல இருக்கறது நான் தின்னறதத்தான திங்குது? மேல பவுடர் பூசினா உள்ள இருக்கறது மாறிடுமா?"

அண்ணன் போய் மண்வெட்டியை எடுத்துவந்தார். அக்காவை மண்ணைத் தொட வேண்டாம் என்று நான் வரப்பிலேயே உட்காரவைத்தேன். அவர் அங்கிருந்தே, "அந்த மூலைய வுட்டுட்டீங்க பாருங்க, நேத்து மட்டும் பாத்துப் பாத்துக் கொட்டினீங்களே" என்று அண்ணனை வம்புக்கிழுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் வண்டலை வழித்து ஒதுக்கி, அடியிலிருந்த மண்ணைப் பல இடங்களில் எடுத்துக் கலந்தோம். பையைக் கட்டும்போது அண்ணன் தணிந்த குரலில், முடிவு எப்படி இருந்தாலும் முதலில் தனக்குச் சொல்லச் சொன்னார். "இல்ல, எனக்கு" என்று வரப்பிலிருந்து சத்தம் வந்தது.

முடிவு வந்ததும் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். ஓடையோரப் பாத்திகளில் ஈயம் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல், மேட்டு நிலத்தில் கவலையில்லை. மறுநாளே இருவரும் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய், உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்தார்கள். அந்த முடிவு வந்ததும் அக்கா போன் செய்தார். பயப்படும் அளவுக்கு இல்லை, இனி அந்தக் கீரை மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அக்கா சொல்லும்போது பின்னால் அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இப்போது கீரை மேட்டுக்கு ஏறிவிட்டது, ஓடையோரம் சாமந்தி பூத்திருக்கிறது. குட்டிப் பாப்பாவின் போட்டோ வாரம் ஒன்று வந்துவிடும். பாடத்தில் ஈயம் இத்தனை அளவைத் தாண்டக்கூடாது என்று படித்திருந்தேன். இன்று எந்த நிலத்தில் இறங்கினாலும், கொத்தை எடுக்குமுன் அந்த வீட்டில் இதைச் சாப்பிடுவது யார் யார் என்றுதான் முதலில் கேட்கிறேன்.