பாக்கிச் சிரிப்பு

ரொட்டிப் பெட்டி காலியானதும் சேனாதிபதி அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஏரிக்கரைப் புல்சரிவில் நீட்டி நிமிர்ந்துவிடுவார். தகரப் பெட்டியில் ரொட்டிச் சூடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சூடு பிடரியில் ஏற ஏற, ஏரியிலிருந்து வெள்ளை மஞ்சுமூட்டம் எழும்பி வந்து அவர் கால்மாட்டில் நிற்கும். பிறகு ஏரியையும் காணோம், ஆளையும் காணோம். ஒருநாள் மட்டக்குதிரை ஒன்று அவர் தலைத்துண்டைப் பாதி மென்றுவிட்டுப் போனது. எழுப்பிச் சொன்னார்கள். "அதுக்கும் பசிக்கும்ல?" என்று மறுபக்கம் புரண்டார்.

அவர் தூங்குகிற தூக்கம் இருக்கிறதே, அது ஒரு வரம். இமை ஆடாது, வாய் பிளக்காது, குறட்டை கிடையாது. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தால்தான் ஆள் இருப்பது தெரியும். "வெள்ளனே மேட்டு பங்களா பூராத்துக்கும் ரொட்டி கொண்டு சேத்துருவான். அப்புறம் தூங்குறதுதான் அவன் சோலி. நாம கேக்கப்படாது" என்பார் நாயுடுபுரம் பேக்கரி முதலாளி பஷீர் அகமது.

அந்தத் தூக்கத்துக்குத்தான் கண்பட்டது. மதராஸிலிருந்து ஒரு டைரக்டர் கோடைக்கானலுக்கு வந்தார். அவர் படத்தில் பாட்டு கிடையாது, நல்லவன் கிடையாது, கடைசியில் உயிரோடு எவனும் கிடையாது. பார்த்தவர்கள் திட்டிக்கொண்டே வெளியே வருவார்கள். திட்டத் திட்ட மனிதருக்கு ஆனந்தம். இந்த முறை கொலைமேல் கொலை விழுகிற கதை. முதல் பிணம்தான் சரிப்படவில்லை. மதராஸ் நடிகர்கள் கீழே படுத்தால் குளிரில் இமை நடுங்கியது. அலுத்துப்போய் ஏரிப்பக்கம் வந்த டைரக்டர் சேனாதிபதியைப் பார்த்துவிட்டார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். தூங்கு, போதும்."

"அம்புட்டுத்தானா?" என்றார் சேனாதிபதி.

பைன் மரத்தடியில் படுக்கவைத்து நெஞ்சில் சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். அது பனியில் ஜில்லென்று இறங்கியபோதே அவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். இன்ஸ்பெக்டர் வேஷக்காரர் குனிந்து, மூக்கருகே விரல் வைத்து, உதட்டைப் பிதுக்கினார். காட்சி முடிந்தது.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவனாக நடித்தவன் எழுந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட வேண்டும். அப்போதுதான் அந்தச் சாவு கழியும். செட்டு வேலைகளைக் கவனித்த கந்தவேல் அவரை எழுப்பப் போனார். "என் படத்தில் பிணம் சிரிக்காது" என்று சொல்லிவிட்டார் டைரக்டர். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு எல்லாரும் லாட்ஜுக்குத் திரும்பினார்கள்.

சேனாதிபதி கண் விழித்தபோது மரமும் இல்லை, மனிதரும் இல்லை; எங்கும் வெள்ளை. கனவா நனவா என்று புரியாமலேயே வீட்டுக்கு நடந்தார். மஞ்சுக்குள்ளிருந்து நெஞ்செல்லாம் சிவப்பாக வந்து நின்ற புருஷனைக் கண்டு மனைவி விசாலாட்சி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

அது சாயம்தான் என்று தேறி இரண்டு நாள் ஆகவில்லை. ஊருக்குக் கிளம்பிய கந்தவேல் பேக்கரியில் பன் வாங்கும்போது அந்தச் சிரிப்பு விஷயத்தைச் சொல்லி வருத்தப்பட்டார். பஷீர் அகமது வாய் சும்மா இருக்குமா? வேடிக்கையாக விசாலாட்சியிடம் சொல்லிவைத்தார். அவள் லாட்ஜுக்கு ஓடினாள். கேமரா மலையிறங்கி வத்தலக்குண்டையே தாண்டிவிட்டிருந்தது.

"அப்ப நீங்க இன்னும் அந்த மரத்தடியிலேயே செத்துக் கெடக்கீங்க" என்றாள் அவள்.

அன்றோடு போயிற்று தூக்கம். அவர் கண்ணை மூடினால் போதும், மூக்கருகே விரல் வந்துவிடும். உடனே ஒரு உலுக்கல். ஏரிக்கரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டாள். "விசாலம், கண்ணு எரியுதுடி" என்று கெஞ்சுவார். "எரியட்டும். தூங்கினா அப்படியே போயிருவீங்க" என்பாள். திட்டவும் மனம் வராது அவருக்கு, அவளும்தானே தூங்கவில்லை. பன் கேட்ட வீட்டில் ரொட்டியும், ரொட்டி கேட்ட வீட்டில் வெறும் பெட்டியும் வைத்துவிட்டு வந்தார். ஏரிக்கரையில் கிடந்த மனிதர் எங்கே, இந்தக் கோவைப்பழக் கண்காரர் எங்கே! தன் வாயால் வந்த வினை என்று பஷீர் அகமது உள்ளுக்குள் நொந்துபோனார்.

படம் மலைக்கு வந்ததும் முதல் வேலையாக மதியக் காட்சிக்கு இருவருக்கும் நாற்காலி டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். பெஞ்சில் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். நாற்காலியில்தான் ஜோடியாக உட்காரலாம்.

பைன் மரம் வந்தது. மஞ்சு வந்தது. நெஞ்சில் ரத்தத்தோடு சேனாதிபதி கிடந்தார். இன்ஸ்பெக்டர் விரல் மூக்கருகே போனதும் கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. விசாலாட்சியின் கை அவர் மணிக்கட்டை இறுக்கியது.

சேனாதிபதி எழுந்தார். திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பின்சுவரின் சின்ன ஓட்டையிலிருந்து ஒளி பாய்ந்து அவர் முகத்தில் விழுந்தது. அந்த ஓட்டையை நேருக்கு நேர் பார்த்து, கடைவாய்ப் பல் தெரிய, "ஹ ஹ ஹா" என்று சிரித்தார்.

"ஏலே, பொணம் எந்திரிச்சுருச்சுடா!" என்று பெஞ்சிலிருந்து யாரோ கத்த, கொட்டகை மொத்தமும் சிரித்தது. அழுத முகத்தோடு விசாலாட்சியும் சிரித்தாள்.

அவர் உட்கார்ந்தார். திரையில் அடுத்த கொலை விழுவதற்குள் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது. விசாலாட்சி விரலை மூக்கருகே கொண்டுபோனாள். வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. திரையில் ஒருத்தி கத்தியைப் பார்த்து வீறிட, பக்கத்து நாற்காலிக்காரர் "ஐயையோ" என்று அலறினார். விசாலாட்சி அந்த விரலை எடுத்துத் தன் உதட்டில் வைத்து, "உஸ்" என்றாள்.