லோகோவில் முளைத்த கோதுமை

ஒன்பதாம் வகுப்புக்கு இணைய மோசடிகளைப் பற்றிப் பாடம் எடுத்த அதே வாரத்தில்தான் நான் ஏமாந்தேன். முன்பின் தெரியாதவருக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பக் கூடாது என்று கரும்பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

எல்லாம் அப்பாவுக்காக. ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர். அவர் விளைவித்த நெல் மூட்டை மூட்டையாக வெளியூர் போயிருக்கிறது, எல்லாம் வேறு யாருடைய நெல்லாகவோ. நானும் கணவரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மன்னார்குடி பக்கம் ஒரு ஏக்கர் வாங்கினோம். அதில் அப்பா மாப்பிள்ளைச் சம்பா போட்டார். தையில் அறுத்ததைப் பழசாக்கி, ஆனியில் அரைத்து, தஞ்சாவூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்பது என்று முடிவானது. பையில் அப்பாவின் பெயர் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

"எம் பேரா? எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார் அப்பா. அன்று சாயங்காலமே டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

லோகோ போட்டுத் தர முகநூலில் ஒருவர் கிடைத்தார். போனில் நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்க எந்த ஊருங்க?"

"முத்துப்பேட்டை பக்கங்க டீச்சர். உங்க பக்கம் ஆத்துல தண்ணி வந்துருச்சுங்களா?"

அவ்வளவுதான், நான் கவிழ்ந்தேன். எங்கள் பக்கம் நடவுக்கு ஆள் கூப்பிட்டாலும் அறுவடை மெஷின் கூப்பிட்டாலும் ஊரைத்தான் முதலில் கேட்போம். ஊர் தெரிந்தால், நாளைக்கு ஏதாவது என்றால் நேரில் போய் நிற்கலாம் என்று ஒரு தைரியம். பெண் கொடுக்கிற வீட்டார் போல ஊரை விசாரித்த நான், அவர் இதுவரை யாருக்கு என்ன வரைந்தார் என்று கேட்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்டவரிடம் அதையெல்லாம் கேட்பது மரியாதையாகப் படவில்லை. முழுப் பணமும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் படம் வந்தது. தங்க நிறத்தில் ஒரு கதிர், கீழே அப்பாவின் பெயர். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். இல்லை. டீச்சர் புத்தி அதற்கு மேல் போகவில்லை. அப்பாவிடம் போனை நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு," என்றார். பிறகு தயங்கி, "ஆனா இது ஆட்டா பாக்கெட்டுல இருக்குற கதிருல்ல? நம்ம நெல்லு முத்துனா தலை தொங்கிரும்மா. இது ஸ்கூல் பிள்ளையாட்டம் நெட்டுக்குத்தா நிக்குது."

இருபது வயதுவரை வயலில் இறங்கியவள் நான். காவிரித் தண்ணீரில் கோதுமை விளைந்திருப்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

டிசைனரைக் கூப்பிட்டேன். "மாத்திடலாங்க டீச்சர், சாயங்காலம் அனுப்புறேன்," என்றார். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட குரல். சாயங்காலம் என் நம்பரை பிளாக் செய்திருந்தார். பை அச்சடிப்பவரிடம் படத்தைக் காட்டியபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இது நெட்ல சும்மா கிடக்குற படங்க. போன மாசம் ஒரு பேக்கரிக்கு இதையேதான் அடிச்சுக் கொடுத்தேன்," என்றார். பேக்கரிக்காவது பொருத்தமாக இருந்திருக்கும்.

முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறுகிறேன் என்று கிளம்பினேன். "போயி எந்த வீட்டு வாசல்ல நிப்ப?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. பையைக் கீழே வைத்தேன்.

அடுத்த டிசைனரைத் தஞ்சாவூரில் நேரில் பார்த்தேன். அவர் வேலை செய்து கொடுத்த இரண்டு கடைகளுக்குப் போய் விசாரித்தேன். பாதிப் பணம் இப்போது, மீதி வரைந்து முடித்து படத்தின் ஒரிஜினல் ஃபைலையும் கொடுத்த பிறகு என்று எழுதி வாங்கினேன். ஊர் பெயரைக் கேட்கவே இல்லை. அவர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பத்து நாள் ஆகும் என்றார். சந்தைக்கு மூன்று நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெறும் வெள்ளைப் பைகளோடு போனோம். பக்கத்துக் கடைகளில் மயில், கோபுரம், கலப்பை என்று பைக்குப் பை படம். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா சலவைச் சட்டையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கவே எனக்கு முகமில்லை.

கண்ணாடி போட்ட ஒருவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரே போடலையே. எந்தக் கம்பெனி அரிசிங்க இது?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். கூலி வாங்கும்போதுகூட அவர் யார் முன்னாலும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சந்தையில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கம்பெனி இல்லீங்க. நாந்தான். இது என் நெல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஆள் ஐந்து கிலோ கேட்டார்.