நீலக் கயிறு போட்ட நாய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம், குடவாசலுக்குப் பக்கத்தில் நடந்தது இது. கிராமத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்குத் தார்ச்சாலையில் போனால் ஏழு கிலோமீட்டர், வாய்க்கால் கரையோடு போனால் நாலு. பத்து வருடமாக எனக்குக் கரைப்பாதைதான், சைக்கிள்தான். ஸ்கூட்டி வாங்கிக்கொள் என்று வீட்டில் சொல்லாத நாளில்லை. சைக்கிளில் போனால்தானே நாலு பேரிடம் நின்று பேச முடியும்? பேசாவிட்டால் எனக்குச் சாப்பிட்டது செரிக்காது. அதிலும் நடந்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் திருப்தி. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் இதில் குற்றவாளி நான்தான்.

நாய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான். வழியில் இருக்கிற நாய்களில் எது துரத்தும், எது சும்மா சவுண்டு விடும் என்று எனக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பாதி வழியில் நிற்கும் ஒற்றைப் பனைமரத்தைத் தாண்டி மதகை நெருங்கியபோது, அதுவரை பார்த்தே இராத ஒரு செவலை நாய் பாய்ந்து வந்தது. ஒரு குரைப்புக்கூட இல்லை. நேராக வந்து சேலையைக் கவ்விக் கிழித்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்தபடி மிதித்தேன். பின்னாலேயே ஓடிவந்த நாய், பனைமரம் வந்ததும் டக்கென்று நின்றது. ஒரு முறை என்னை முறைத்துவிட்டு வந்த வழியே திரும்பி ஓடியது. அதன் கழுத்தில் நீல நைலான் கயிறு கட்டியிருந்ததை அப்போது பார்த்தேன்.

பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை. தார்ச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனதும் சமையல் உதவியாளரிடம் சொன்னேன். பிறகு ஆசிரியைகளிடம். மூன்றாவது முறை சொல்லும்போது நாயின் வாயில் நுரை வந்துவிட்டது. சத்தியமாக நான் நுரையைப் பார்க்கவில்லை. சொல்லச் சொல்ல அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. கயிறு மட்டும் கதையிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. கயிறு என்றால் அதற்கு ஓர் ஆள் இருக்கிறான் என்று ஆகிவிடும், கதை சப்பென்று போய்விடும் அல்லவா?

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் வெறிநாய்ச் செய்தி. சாயங்காலம் பாதையின் இரண்டு முனையிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். புதன்கிழமை அந்தப் பக்கம் ஒருவரும் போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தவர்கள், அது மதகைவிட்டு நகரவே இல்லை, வெறி முற்றிவிட்டது என்றார்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லலாம் என்றார் ஓர் ஆசிரியை. “அவரு வர்றதுக்குள்ள புள்ளைங்க யாரையாவது கடிச்சிட்டா?” என்று கேட்டது வேறு யாருமில்லை, நானேதான். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாலு இளைஞர்கள் கம்போடு போய் அதன் கதையை முடித்துவிடுவது என்று முடிவானது.

வியாழக்கிழமை நான் தார்ச்சாலை வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். உளுந்து எடுத்து முடிந்த வயல் ஒன்றில் ராமநாதபுரத்துப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் கிடை போட்டிருந்தார்கள். ஆடுகளை வயலில் அடைத்தால் நிலத்துக்கு உரமாகும் என்று வருடாவருடம் எங்கள் பக்கம் வருவார்கள். அவர்களில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், சாலையோரம் நின்று போகிற வருகிற எல்லோரையும் நிறுத்தி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்னையும் நிறுத்தினார்.

“தாயி, வர்ற வழியில ஒரு நாயப் பாத்தீகளா? செவலை. கழுத்துல நீலக் கயிறு கெடக்கும்.”

சைக்கிளிலிருந்து இறங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை விடியும் முன்னே வாய்க்கால் கரை வழியாக மந்தையை இரண்டு பிரிவாக ஓட்டிவந்தார்களாம். நாய் அந்தப் பிரிவோடு இருக்கும் என்று இவர்களும், இந்தப் பிரிவோடு இருக்கும் என்று அவர்களும் நினைத்துவிட்டார்கள். “நேத்து ராத்திரிதான் ஒண்ணு சேந்தோம். நாயையும் காணோம், நெறசினையா இருந்த ஒரு ஆட்டையும் காணோம்” என்றார்.

செல்போனில் மணி எட்டு ஐம்பது. அந்த இளைஞர்களில் ஒருவனைக் கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. “பின்னாடி ஏறுங்க” என்றேன். அவர் தயங்கினார். “உங்க நாய அடிக்கப் போறாங்க, ஏறுங்கங்க!” என்று கத்தினேன். நீளத் தொரட்டிக் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தார். நாற்பத்தாறு வயதில் ஓர் ஆம்பிளையைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் மிதித்த மிதியைப் பார்த்து, டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். சாமி, அடித்துவிடாமல் இருக்க வேண்டுமே என்பதைத் தவிர மனதில் வேறு எதுவும் இல்லை.

முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனோம். நாலு பேரும் மதகுக்கு முப்பதடி தள்ளிக் கம்போடு நின்றிருந்தார்கள். கரைமேல் அந்த நாய். எறிந்த கல் ஒன்று பட்டு நெற்றியில் ரத்தம். ஒரு காது ஏற்கெனவே கிழிந்து காய்ந்திருந்தது. பின்னங்கால்கள் நடுங்கின. குரைக்க வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த வாயில் நுரை இல்லை. எச்சில்கூட இல்லை.

“அடிக்காதீங்கப்பா! நொரைய நான் பாக்கலப்பா, நானாதாம்பா சேத்துச் சொன்னேன்!” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை. கம்புகள் தாழ்ந்தன.

ஆட்டுக்காரர் நாக்கை மடித்து ஓர் ஒலி எழுப்பினார். நாய் அவரைத் தெரிந்துகொண்டது. வால் அசைந்தது. இதோ ஓடிவந்து அவர்மேல் விழப்போகிறது என்று நினைத்தேன். அது ஓர் அடிகூட நகரவில்லை. அவரைப் பார்த்தது, பிறகு தலையைத் திருப்பிக் கீழே மதகைப் பார்த்தது. மறுபடி அவரைப் பார்த்தது.

அவர் நாயைக் கடந்து நேராக வறண்டு கிடந்த வாய்க்காலுக்குள் இறங்கினார். நானும் இறங்கினேன். மதகின் நிழலில் முன்னங்கால் பிசகிய ஒரு செம்மறி ஆடு படுத்திருந்தது. பக்கத்தில், பிறந்து இரண்டு நாள் ஆன குட்டி. சுற்றிலும் மணலில் நாயின் காலடிகள் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தன. ஓரிடத்தில் மணல் கலைந்து கிடந்தது. “ராத்திரி நரி வந்துருக்கு” என்றார். குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் கரையேறிய பிறகுதான், அந்த நாய் முன்னங்கால்களை நீட்டித் தரையில் படுத்தது.

“நா வந்து குட்டிய வாங்குற வரைக்கும் அது எடத்த விட்டு வராது, தாயி” என்றார் அவர், சாதாரணமாக.

என் பாட்டில் தண்ணீரைச் சாப்பாட்டு டப்பா மூடியில் ஊற்றி வைத்தேன். நாலு மூடி குடித்தது. மீதி இருக்கிறதா என்பது போல என் முகத்தைப் பார்த்தது. தண்ணீர் தேடித் திரும்பினேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். பனைமரத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஒரு பம்புசெட் தொட்டி. விளிம்பு வரை தண்ணீர். இரண்டு பகல் பங்குனி வெயிலில் அந்தத் தண்ணீரின் வாசனை அதற்குத் தெரியாமலா இருந்திருக்கும்? குட்டியைத் தனியே விட்டுப் போக வேண்டுமே என்று அது பனைமரத்தைத் தாண்டவில்லை. ஆடும் குட்டியும் அதன் இனம்கூட இல்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இளைஞர்களில் ஒருவன் கம்பை வீசிவிட்டுப் போய் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான்.

போன வருடமும் அவர்கள் கிடை போட வந்தார்கள். ஆசையாக முட்டை எடுத்துக்கொண்டு போனேன். நெற்றியில் தழும்போடு அதே நாய், அதே நீலக் கயிறு. என்னைக் கண்டதும் பல்லைக் காட்டி வரப்பு வரை துரத்திவிட்டது. அதுதான் சரி என்று பட்டது எனக்கு.

இன்றும் கரைப்பாதையில்தான் போகிறேன், இன்றும் வழியெல்லாம் பேசுகிறேன். ஆனால் யாரைப் பற்றியாவது ஒரு குறை நாக்கு நுனிக்கு வரும்போது மட்டும் சைக்கிளை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, இதில் எந்த நீலக் கயிற்றை விட்டுவிட்டுச் சொல்லப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.