ஆறு அறை, பன்னிரண்டு மாதம்

சுடலைக்கண்ணு முப்பத்தைந்து வருஷம் போலீஸில் இருந்தவர். அதில் இருபத்திரண்டு வருஷம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் குற்றாலம் மெயினருவியில் பந்தோபஸ்து. அதனால் குற்றாலம் அவருக்கு அத்துப்படி என்று தென்காசியில் எல்லோரும் நம்பினார்கள், அவரும் நம்பினார். வினை அங்கேதான் பிடித்தது. செப்டம்பர் பிறந்ததும் அவரை ஸ்டேஷனுக்குத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள். பிப்ரவரி மாதக் குற்றாலத்தை, காய்ந்த பாறையையும் ஈ ஓட்டும் சிப்ஸ் கடைகளையும், அவர் ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை.

அவர் பார்த்ததெல்லாம், ஈரத் தலையும் இடுப்பில் குழந்தையுமாக, "சார், எங்கயாவது ஒரு ரூம் கிடைக்குமா?" என்று கெஞ்சிய குடும்பங்களைத்தான். ஓய்வு பெற்ற வருஷம் ஐந்தருவி சாலையில் ஆறு அறை உள்ள ஒரு வீடு விலைக்கு வந்தது. எழுபத்தெட்டு லட்சம். ஓய்வுப் பணம் முப்பது போக மீதிக்கு வங்கிக் கடன். வீட்டு ஜாமீன் மட்டும் போதாது என்றார்கள். இலத்தூரில் மனைவி வள்ளித்தாய்க்கு அவள் அப்பா எழுதிக்கொடுத்த ஒண்ணேகால் ஏக்கர் வயலையும் சேர்த்து அடமானம் வைக்க வேண்டி வந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வள்ளித்தாய் ஒன்றே ஒன்று கேட்டாள். "சாரல் இல்லாத வருஷம் என்ன செய்வீங்க?"

"ஏட்டி, சீசன்ல ஒரு ரூம் ரெண்டாயிரத்துக்குப் போவுது. நான் ஆயிரம்னுதான் போட்டிருக்கேன். பாதியா கொறச்சில்லா பாத்திருக்கு. இதுக்கு மேல என்ன பயம்?"

வாடகையைத்தான் பாதியாக்கினாரே ஒழிய, ஆறு அறையையும் பன்னிரண்டு மாதத்தையும் அவர் தொடவில்லை. எல்லா அறையும் எந்நாளும் நிறைந்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் கணக்கில் மாதம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரும். தவணை அறுபத்து மூவாயிரம் போனால் மிச்சம் கொட்டும். ஊரில் எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்த மனுஷன், தன்னிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

முதல் ஜூலையில் சனிக்கிழமைகள் நிறைந்தன. செவ்வாய், புதனுக்கு ஆளில்லை. அடுத்த வருஷம் சாரல் தள்ளிப்போய், ஜூன் முழுக்க அருவியில் பாறைதான் தெரிந்தது. பிறகு மழை கொட்டித் தீர்த்து வெள்ளம் வந்தது. குளிக்கத் தடை போட்டார்கள். அவரே எத்தனை தடவை விசில் ஊதிக் கூட்டத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்! அப்படித் திரும்புகிறவன் ரூமையும் காலி செய்துவிட்டுத்தான் போவான் என்பது அன்றைக்கு அவர் புத்திக்கு எட்டவில்லை. கார்த்திகையில் ஐயப்ப சாமிமார் குளித்த ஈரத்தோடு வேனில் ஏறிப் போனார்கள். மோட்டார் எரிந்தது, சுவரில் ஓதம் ஏறியது. தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நின்றது.

மூன்றாம் வருஷம் வங்கி நோட்டீஸ் அனுப்பியது. வீட்டை விற்றுவிடலாம் என்று சொல்லி வைத்ததில், ஏப்ரலில் கடையநல்லூரிலிருந்து சனோபர் என்ற பெண் பார்க்க வந்தாள். கணவர் சவூதியில் தம்மாமிலிருந்து அனுப்பும் பணத்தில் இரண்டு கடையும் ஒரு மாடி வீடும் வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவள்.

"சீசன்ல வந்து பாத்திருக்கலாமே, தாயி" என்றார் சுடலைக்கண்ணு.

"சீசன்ல எல்லாம் நல்லாத்தானே தெரியும், அண்ணாச்சி." சனோபர் ஓதம் ஏறிய சுவரைத் தட்டிப் பார்த்தாள். "தொண்ணூறு நாளு. அதுலயும் மூணு ரூம்தான் போவும்னு வைப்போம், ஆயிரத்து ஐநூறுக்கு. மத்த மாசம் ஒண்ணும் வராதுன்னே வைப்போம். வெள்ளையடிக்க, மோட்டாரு, கரண்டு, ஆள் சம்பளம்னு ஒண்ணர லட்சம் போயிரும். வருசத்துக்கு ரெண்டரை நின்னா பெருசு. நாப்பத்திரண்டுன்னா முடிச்சிக்கிடலாம்."

"எழுபத்தெட்டுக்கு வாங்குன வீடும்மா இது!"

"அது நீங்க குடுத்த வெல, அண்ணாச்சி. வீடு திருப்பித் தருததை வச்சுத்தானே நான் கேக்க முடியும்?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவளை அனுப்பிவிட்டு கேட்டைப் படாரென்று சாத்தினார். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்று தெரிந்ததால் வந்த கோபம் அது.

"அந்த வெலைக்கே குடுத்துருவோம். கடன் அடஞ்சிரும், வயலு மிஞ்சும்லா" என்று வள்ளித்தாய் கெஞ்சினாள்.

"முப்பது லட்சத்தையும் தோத்துட்டு ஊருல எப்படி நடக்க? வயல வித்துக் கடன முக்காவாசி அடச்சிருவோம். இந்த ஜூலை பாரு, எல்லாம் சரியாவும்."

மே மாதம் வள்ளித்தாய் பத்திர ஆபீஸில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூன் பிறந்ததும் சாரல் விழுந்தது. முதல் சனிக்கிழமையே வீடு நிறைந்துவிட்டது. சுடலைக்கண்ணு பணத்தோடு தென்காசி வீட்டுக்கு ஓடி வந்தார். "வள்ளி, ஆறு ரூமும் நெறஞ்சிட்டு!"

வள்ளித்தாய் அப்போதுதான் கடையிலிருந்து வந்து, ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையை வாசலில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் நீட்டிய பணத்தை அவள் வாங்கவில்லை.

"பொறந்ததுலருந்து இந்த அறுவது வயசு வரைக்கும் வயல் அரிசிதான் தின்னேன்" என்றாள். "இன்னைக்குத்தான் அரிசி என்ன வெலன்னு ஒருத்தன்கிட்ட கேட்டேன்."