உளுவைத் தொட்டியின் தண்ணீர்

அப்பா படுக்கையில் விழுந்த இரண்டாம் வருடம், ஹட்டனில் ஒரு கடையில் ஆறு உளுவை மீன்கள் வாங்கினேன். தேனீக்கு இருப்பதுபோல் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள். சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். நன்னீர் மீன் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இடத்து மீன், கொஞ்சம் உப்பும் கதகதப்பும் வேண்டும் என்பதைப் பிறகு நானே தேடிப் படித்தேன். அக்கரப்பத்தனைத் தண்ணீரில் இரண்டும் கிடையாது. தண்ணீரைச் சூடாக்கும் குழாய் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். ஒவ்வொரு வாளிக்கும் கல்லுப்பு அளந்து கரைத்தேன்.

தீனிதான் பெரிய பாடு. கடையில் தந்த உருண்டைத் தீனி கண்ணெதிரே விழுந்தாலும் அவை திரும்பிப் பார்க்கவில்லை. அசைகிற இரை வேண்டும். மாட்டுப்பட்டிப் பக்கத்துக் குட்டையில் தண்ணீர்ப் பூச்சிகளைத் துணியால் வடித்தெடுத்தேன். வாளியில் கொசுப்புழு வளர்த்தேன். மருந்துச் சொட்டுக்குழாயில் அவற்றை உறிஞ்சி, கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மீனின் முகத்துக்கு நேரே விட வேண்டும். மெதுவாகத் தின்னும் மீன்கள். ஒரு வாய் எடுத்துவிட்டு யோசிக்கும்.

தொட்டி அப்பாவின் கட்டிலுக்கு நேராக இருந்தது. தேயிலைத் தோட்ட ஆபீஸிலிருந்து வந்ததும் முதலில் அவருக்குக் கஞ்சி ஊட்டுவேன், பிறகு மீன்களுக்கு. பேச்சுக் குழறிய அவர் அந்த நேரத்தில் மட்டும் வாய் திறப்பார்.

"டேய், அந்த மொக்கப்பய இன்னும் திங்கலடா."

"தின்னுட்டான்ப்பா."

"எங்க தின்னான்? பக்கத்துல உள்ளவன் புடுங்கிட்டான். கண்ணு தெரியலையா ஒனக்கு?"

பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருக்கும். வேறெதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொண்டதாக நினைவில்லை.

அக்கா கடலோரத்து வத்தளையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்பாள். அப்பா படுத்த பிறகு இரண்டு முறை வந்தாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு முறையும் மறுநாளே போய்விட்டாள்.

அப்பா செத்த செய்தி கேட்டு வேன் பிடித்து வந்தாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதது பொய்யில்லை. நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் போனோம். பெண்கள் வீடு கழுவத் தங்கினார்கள்.

பிணம் கிடந்த வீட்டில் நின்ற தண்ணீரை வைத்துக்கொள்வதில்லை. குடம், அண்டா, வாளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். இது எனக்கும் தெரியும். மீன்தொட்டியும் அதில் சேரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஈர வேட்டியோடு உள்ளே வந்தபோது தொட்டித் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. சூட்டுக்குழாயின் வயர் பிடுங்கிக் கிடந்தது. நான்கு மீன்கள் மேலே மிதந்தன.

"என்னக்கா செஞ்சீங்க?"

"தீட்டுத் தண்ணிடா தம்பி. வீட்ல வச்சிக்க முடியுமா? பாவம், உசுருன்னு சட்டியில அள்ளி வச்சிட்டுத்தான் ஊத்துனேன். மஞ்ச கலந்து நல்ல தண்ணி விட்டிருக்கேன்."

"அது உப்புத் தண்ணி மீனு அக்கா."

"மலையில ஏதுடா உப்புத் தண்ணி மீனு?"

நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். வாளியில் கல்லுப்பு அளந்து கரைத்தேன். பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்று யாரிடமோ சொன்னார்: "அப்பனுக்கு மண்ணு போட்ட கையோட மீனுக்கு உப்பு கரைக்கிறாரு பாருங்க. கண்ணுல ஒரு சொட்டு தண்ணியக் காணோம்."

மிஞ்சிய இரண்டில் ஒன்று விடிவதற்குள் செத்தது. மற்றது அப்பா மொக்கப்பய என்பாரே, அது. கல்லில் ஒட்டியபடியே கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவீட்டில் உட்கார்ந்திருக்க, நான் சொட்டுக்குழாயோடு தொட்டியருகே முழங்காலிட்டிருந்தேன். புழு அதன் மூக்கில் இடித்தது. திங்கவில்லை. கருமாதிக்கு முன்பே அதுவும் போய்விட்டது.

கருமாதிப் படையலுக்கு அக்கா ஆட்டுக்கறி, முட்டை, சுருட்டு எல்லாம் வைத்தாள். அப்பாவுக்கு வேறென்ன பிடிக்கும் என்று என்னையே கேட்டாள். தெரியாது என்றேன்.

அவள் செய்ததைத் தப்பென்று எங்கள் தோட்டத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதை முறையாகச் செய்தாள் என்பார்கள். அப்பாவுக்கென்று அவளுக்குச் செய்யத் தெரிந்தது அந்த ஒன்றுதான் என்பது எனக்கும் புரிகிறது. புரிந்தும் கோபம் குறையவில்லை.

அவள் புறப்பட்ட அன்று தொட்டியைக் கழுவித் துடைத்து வேனுக்குத் தூக்கி வந்தேன்.

"இதையும் கொண்டு போங்கக்கா."

"எனக்கா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பேத்தி ரொம்ப நாளா தங்கமீனு கேக்குறா. ஒனக்கு வேணாமாடா?"

"வேணாம்."

கண்ணாடி உடையாமலிருக்க அவளே தன் சேலை ஒன்றைச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். வேன் திரும்பும் வரை கை காட்டிக்கொண்டே போனாள்.