கருவாட்டு உண்ணியின் குடும்பம்

சரக்கில் பூச்சி கண்டால் வெயிலில் காயவைத்து, மறுபடி சோதித்து, சுத்தமாக இருந்தால் சோதித்தவரே விடுவிக்கலாம். விதி அவ்வளவுதான். பூச்சி எந்தக் குடும்பம் என்று விதி கேட்கவில்லை. எங்கள் அதிகாரி கேட்டார்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் நான் மீன் துறை இளநிலை ஆய்வாளர். மாமல்லபுரத்தை அடுத்த குப்பத்தில், கருவாடு விற்கும் ஒரு அம்மாளின் கொட்டகையில், நெத்திலி மேல் வெள்ளைத் தூசி படிந்திருந்தது. லென்ஸை வைத்தேன், தூசி நடந்தது. புரட்டாசி மாதம், வாங்க ஆளில்லை. ஐப்பசியில் மழை பிடித்துப் படகுகள் கரையேறிவிட்டால் அந்தக் கொட்டகைதான் அவருக்குச் சோறு. பெயர் தெரியும்வரை சரக்கு வெளியே போகக் கூடாது என்றார் அதிகாரி. விதி தெரிந்தும் வாய் திறக்காமல் அந்தத் தடையை எழுதிக் கொடுத்தவன் நான்.

மறுநாளே அந்த அம்மாள் எல்லாவற்றையும் உப்புநீரில் அலசிக் காயப்போட்டுவிட்டார். நான் மாதிரி எடுக்கப் போனபோது மிஞ்சியவை சில வண்டுகள். அவற்றின் இறக்கைக்கடியில் ஒட்டியிருந்த உண்ணிகளை ஸ்பிரிட்டில் போட்டு வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினேன்.

இது இளம்பருவம், வாய் கிடையாது என்று எழுதினார்கள். தீனி காய்ந்துபோனால் இந்த உருவெடுத்து, வண்டின் மேலேறி வேறிடம் போகுமாம். குடும்பம் சொல்ல வளர்ந்த ஆணும் பெண்ணும் வேண்டும். பெண்ணுக்கு நகம் இரண்டாகப் பிளந்திருக்கும். ஆணுக்கு மூன்றாம் கால் நுனியில் முள் இருக்கும்.

குப்பத்துக்குப் போய் அந்த அம்மாளிடம் சொன்னேன்.

"இன்னா சார், இல்லாத பூச்சிய நான் வளத்துக் குடுக்கணுமா?"

"ஒரு ஜோடி போதும்மா."

"ஜோடியா? ஜாதகம் பாத்து அனுப்பவா?"

திட்டிக்கொண்டே ஒரு சட்டியில் ஈர நெத்திலியோடு இரண்டு வண்டையும் போட்டுத் தனியாக மூடி வைத்தார். இரண்டு வாரத்தில் தூசி நடந்தது. அனுப்பினேன். பதில் இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு காலை, நனைந்த புடவையோடு ஆபீசுக்கே வந்து நின்றார்.

"சார், மூலைல நாலு கூடைல மறுபடி வந்துகினு கீது. மிச்சம் இன்னும் சுத்தமா கீது. நீங்க பேரு வெக்கறதுக்குள்ள அதையும் தின்னுடும்."

அதிகாரி லீவில் இருந்தார், பொறுப்பு என்னிடம். அடுத்த பஸ்ஸிலேயே அந்த அம்மாளோடு போனேன். கூடை கூடையாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நாலு கூடையை ஒதுக்கினேன். மற்றதை, விதி எண்ணைக் குறிப்பிட்டு, விடுவித்தேன். சாயங்காலமே அந்த அம்மாள் வண்டி ஏற்றிவிட்டார்.

"பேரே தெரியாம விட்டீங்களா?" என்றார் திரும்பி வந்த அதிகாரி.

"விதியில பேரு கேக்கல சார்."

அப்புறம் ஆராய்ச்சி நிலையத்துக்கு இரண்டு நினைவூட்டல் அனுப்பினோம். கடைசியில், இந்த உண்ணியைப் பழைய பெரிய குடும்பத்திலேயே வைப்பதா, தனிக் குடும்பமாகப் பிரிப்பதா என்று அறிஞர்களிடையே இன்னும் கருத்து ஒத்துவரவில்லை என்று பதில் வந்தது. அன்று மார்ச் முப்பத்தொன்று. சரக்கு போய் நாலு மாதமாகியிருந்தது.